‘சத்தமே கேட்காது சார்!’ - லேமினேட்டட் கண்ணாடி உண்மையில் எவ்வளவு சத்தத்தைத் தடுக்கும்?

ஓஎம்ஆரிலோ ஜிஎஸ்டி சாலையிலோ மெயின் ரோட்டை ஒட்டி ஃபிளாட் பார்க்கப் போனால், ‘அகௌஸ்டிக் கிளாஸ்’ என்ற வார்த்தை கட்டாயம் காதில் விழும். ‘ஜன்னலைச் சாத்தினா போதும், ரோடு இருக்கிறதே தெரியாது’ என்பார்கள். புது கார் ஷோரூமிலும் இதே பேச்சுதான். கதவைச் சாத்திக் காட்டி, ‘கேபின் எவ்வளவு அமைதி பாருங்க’ என்பார்கள். இரண்டு இடத்திலும் விற்கப்படுவது ஒரே பொருள்: இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி.

இது ஏமாற்று வேலை இல்லை. சத்தம் உண்மையிலேயே குறைகிறது. ஆனால் எல்லாச் சத்தமும் ஒரே அளவில் குறைவதில்லை. ஜன்னல் ஃபிரேம் சரியில்லை என்றால் கண்ணாடிக்குக் கொடுத்த காசு வீண். காரைப் பொறுத்தவரை, சத்தத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு விஷயத்தையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அது உயிர் சம்பந்தப்பட்டது.

நடுவில் இருப்பது என்ன?

பாலிவினைல் பியூட்டிரல் என்ற பிளாஸ்டிக். சுருக்கமாக பிவிபி. 0.38 மில்லிமீட்டர் அல்லது 0.76 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு படலம். அதை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டவைப்பார்கள். கொட்டேஷனில் ‘6.38’ என்று இருந்தால் 3 + 3 மி.மீ. கண்ணாடியும் நடுவில் 0.38 மி.மீ. படலமும் என்று அர்த்தம். ‘8.76’ என்றால் 4 + 4, நடுவில் 0.76. தசமப் புள்ளி இல்லாமல் வெறும் ‘6 எம்எம்’, ‘8 எம்எம்’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அது ஒற்றைக் கண்ணாடி. கேட்டுவிடுங்கள்.

முதலில் இதைக் கண்டுபிடித்தது சத்தத்துக்காக அல்ல. பிரான்ஸைச் சேர்ந்த எட்வார் பெனெடிக்டஸின் ஆய்வகத்தில் 1903-ல் ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டதே தவிரச் சிதறவில்லை. உள்ளே காய்ந்துபோயிருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1909-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு பிவிபி வந்து அந்த இடத்தைப் பிடித்தது. இன்று உங்கள் காரின் முன்பக்கக் கண்ணாடி லேமினேட்டடாகத்தான் இருக்கும், சட்டப்படியே அப்படித்தான் இருக்க வேண்டும். கல் பட்டால் அது சிலந்தி வலை மாதிரி விரிசல் விடுவதும், உடைந்து மடியில் கொட்டாமல் இருப்பதும் அந்தப் படலத்தால்தான்.

‘அகௌஸ்டிக்’ என்று தனியாக விற்பது இதன் அடுத்த படி. இதில் பிவிபி படலமே மூன்று அடுக்காக இருக்கும். வெளி அடுக்குகள் கொஞ்சம் கெட்டி, நடு அடுக்கு ரொம்ப மெத்து.

ஹாரனுக்கு நல்ல மருந்து, பஸ் உறுமலுக்கு அவ்வளவாக இல்லை

சைக்கிள் பெல்லை அடித்தால் ‘டிங்’ என்று நீளமாக ஒலிக்கும். விரலால் தொட்டுக்கொண்டு அடித்தால் ‘டக்’ என்று நின்றுவிடும். பிவிபி செய்வது அந்த விரலின் வேலை. கண்ணாடி அதிர, நடுவில் இருக்கும் மெத்தான படலம் இழுபட்டு, அந்த அதிர்வைத் துளியளவு சூடாக மாற்றிவிடுகிறது.

இது எங்கே அதிகம் உதவும் என்பதில்தான் சுவாரஸ்யம். ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு பலவீனமான இடம் உண்டு. குறிப்பிட்ட ஒரு அதிர்வெண்ணில் வெளிச் சத்தமும் கண்ணாடியில் ஓடும் அலையும் ஒத்துப்போய், கண்ணாடியே சத்தத்தை உள்ளே கடத்திவிடும். தோராயக் கணக்கு: 12,000-ஐக் கண்ணாடியின் தடிமனால் வகுத்தால் அந்த அதிர்வெண் கிடைக்கும். 4 மி.மீ. கண்ணாடிக்கு 3,000 ஹெர்ட்ஸ். 6 மி.மீ. கண்ணாடிக்கு 2,000 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான். ஹாரனின் காதைக் குத்தும் கீச்சு, பிரேக்கின் கிறீச்சு எல்லாமே இந்தப் பக்கம்தான். அதாவது சாதாரண ஜன்னல் கண்ணாடி, நம் காதுக்கு எது அதிகம் வலிக்குமோ அந்த இடத்திலேயே கோட்டை விடுகிறது. லேமினேட்டட் கண்ணாடி அந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது.

ஆனால் சிக்னலில் நின்று உறுமும் பஸ், நள்ளிரவில் போகும் கன்டெய்னர் லாரி, டீசல் ஜெனரேட்டர் - இவற்றின் சத்தம் 200 ஹெர்ட்ஸுக்கும் கீழே இருக்கும் கனத்த சத்தம். அதைத் தடுக்க எடைதான் வேண்டும். எடையை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பதோ அதிகபட்சம் 6 டெசிபல். பிவிபி படலம் இங்கே பெரிதாக ஒன்றும் செய்யாது. எனவே ஹாரன்தான் உங்கள் பிரச்னை என்றால் லேமினேட்டட் போட்டதும் வித்தியாசம் தெரியும். வீட்டு வாசலில் பஸ் ஸ்டாப் என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது.

எண்களைப் பார்த்து வாங்குங்கள்

சத்தத்தைத் தடுக்கும் திறனுக்கு ‘ஆர்டபிள்யூ’ என்று ஒரு அளவு இருக்கிறது. அலகு டெசிபல். 6 மி.மீ. ஒற்றைக் கண்ணாடிக்குச் சுமார் 31, 32. சாதாரண பிவிபி போட்ட 6.38 லேமினேட்டடுக்குச் சுமார் 33. அகௌஸ்டிக் பிவிபி போட்ட 8.76-க்குச் சுமார் 37.

‘வெறும் 5 டெசிபலுக்கா இவ்வளவு காசு?’ என்று தோன்றலாம். டெசிபல் சாதாரண எண் மாதிரி ஏறுவதில்லை. 3 டெசிபல் குறைந்தால் கூர்ந்து கேட்டால்தான் தெரியும். 10 டெசிபல் குறைந்தால் சத்தம் பாதியானது போலத் தோன்றும். 5 என்பது நடுவில். நன்றாகவே தெரியும், ஆனால் ‘ரோடு இருக்கிறதே தெரியாது’ என்ற அளவுக்கு இல்லை.

இன்னொன்று: ஆர்டபிள்யூவுக்குப் பக்கத்தில் ‘சிடிஆர்’ என்று ஒரு மைனஸ் எண் இருக்கும். சாலைப் போக்குவரத்தின் கனத்த சத்தத்துக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதைச் சொல்லும் எண் அது. 37 என்று பெரிதாகப் போட்டு, மைனஸைச் சொல்லாமல் விடுவது வியாபாரம். மெயின் ரோட்டு வீட்டுக்கு, கழித்த பிறகு வரும் எண்தான் உங்கள் எண்.

கடையில் அடிக்கடி குழப்பும் விஷயம் டஃபன்டு கண்ணாடி. அது பலமானது, உடைந்தால் சிறு சிறு துண்டாகக் கொட்டும். சத்தத்தைப் பொறுத்தவரை சாதாரணக் கண்ணாடிக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. ‘டஃபன்டு போட்டிருக்கோம், சத்தம் வராது’ என்று யாராவது சொன்னால் அவருக்குத் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

அடுத்தது ‘டபுள் கிளாஸ்’. இரண்டு 6 மி.மீ. கண்ணாடி, நடுவில் 12 மி.மீ. காற்று. இது வெயிலின் சூட்டைத் தடுக்கப் பிரமாதம். ஏசி பில் குறையும். சத்தத்துக்கு? ஆர்டபிள்யூ சுமார் 33-தான். ஒரே தடிமனில் இரண்டு கண்ணாடி என்பதால் இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் பலவீனமாகின்றன. நடுவில் அடைபட்ட காற்று வேறு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்து, சுமார் 200 ஹெர்ட்ஸில் இரண்டு கண்ணாடியையும் சேர்த்து ஆட்டுகிறது. போக்குவரத்துச் சத்தம் குவிந்திருக்கும் பக்கம்! காற்று இடைவெளியை 100 மி.மீ. ஆக்கினால் அந்த ஆட்டம் 70 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும், பலன் நன்றாகத் தெரியும். அதனால்தான் இருக்கிற ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு, உள்பக்கம் அரையடி தள்ளி இரண்டாவது ஜன்னல் வைப்பது பல வீடுகளில் நல்ல வழி. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இதுதான் சாத்தியம். வீட்டுக்காரரிடம் ‘எதையும் உடைக்கவில்லை’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

உண்மையான வில்லன்: ஒரு மில்லிமீட்டர் சந்து

நல்ல கண்ணாடி கிடைப்பது இங்கே கஷ்டமில்லை. ஸ்ரீபெரும்புதூரிலேயே செயின்ட் கோபைன் ஆலை இருக்கிறது. காசு வீணாவது கண்ணாடியில் இல்லை, அதைச் சுற்றி இருக்கும் ஃபிரேமில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர், அதாவது சுமார் நாலுக்கு நாலு அடி ஜன்னல். பரப்பு 1.44 சதுர மீட்டர். சுற்றிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் சந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 4.8 மீட்டர், ஆக சந்தின் பரப்பு 48 சதுர சென்டிமீட்டர். மொத்த ஜன்னலில் அது 0.33 சதவீதம்தான். ஆனால் அந்த 0.33 சதவீதம் வழியாகச் சத்தம் தடையே இல்லாமல் வரும். 40 டெசிபல் தடுக்கும் விலை உயர்ந்த கண்ணாடியைப் போட்டாலும், அந்த ஜன்னல் மொத்தமாகத் தடுப்பது சுமார் 25 டெசிபல். 32 டெசிபல் சாதாரணக் கண்ணாடி போட்டாலும் கிட்டத்தட்ட அதே 24-தான் வரும்! ஒரு டெசிபலுக்கும் குறைவான அந்த வித்தியாசத்துக்குத்தான் காசு போகிறது.

சென்னை ஃபிளாட்களில் அதிகம் இருப்பது ஸ்லைடிங் ஜன்னல். தண்டவாளத்தில் ஓட வேண்டும் என்பதால் அதில் சந்து இல்லாமல் செய்வது கஷ்டம். இரண்டு கதவு ஒன்றன் மேல் ஒன்று வரும் இடத்தில் ரோமம் மாதிரி ஒரு பிரஷ் ஒட்டியிருப்பார்கள். தூசியைத் தடுக்கும், சத்தத்தைத் தடுக்காது. மழைத் தண்ணீர் வெளியேறக் கீழே போட்ட ஓட்டை வேறு. பழைய வீட்டுக் கதவு மாதிரி கீல் போட்டுத் திறக்கும் ஜன்னலில் இந்தப் பிரச்னை குறைவு. கைப்பிடியைத் திருப்பினால் கதவு சுற்றிலும் ரப்பரில் போய் அழுந்திக்கொள்ளும். யுபிவிசியோ அலுமினியமோ, அது இரண்டாவது கேள்வி. அழுந்துகிறதா என்பதே முதல் கேள்வி. ஒரு தாளை வைத்து ஜன்னலைச் சாத்துங்கள். இழுத்தால் சுலபமாக உருவி வந்தால், சத்தமும் அப்படித்தான் வரும்.

எடையையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 2.5 கிலோ. 12 மி.மீ. போட்டால் சதுர மீட்டருக்கு 30 கிலோ. பழைய ஃபிரேமில், பழைய கீலில் இதை ஏற்றினால் சில மாதத்தில் தொங்கிப்போய், தடுக்க நினைத்த சந்தை அதுவே உண்டாக்கிவிடும்.

ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவே சிமென்ட் பூசாமல் விட்ட இடம், ஸ்பிளிட் ஏசி பைப் போகும் துளை, பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் - இவையும் சந்துதான். நூறு ரூபாய் சிலிகான் ட்யூப் சில வீடுகளில் புதுக் கண்ணாடியை விட அதிகம் சாதிக்கும். கனமான திரைச்சீலை, சுவரில் ஒட்டும் முட்டை அட்டை மாதிரி ஃபோம் எல்லாம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். வெளிச் சத்தத்தை நிறுத்தாது.

சாத்திய ஜன்னலுக்குப் பின்னால்

எல்லாம் சரியாகப் போட்டாச்சு, அறை அமைதி. இப்போது காற்று? ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கும். ஜன்னலை இறுக்கி அடைத்து மூன்று பேர் தூங்கினால் விடியும்போது தலை கனப்பதில் ஆச்சரியம் இல்லை. வெளிநாடுகளில் இதற்கென்றே சத்தத்தை உறிஞ்சும் வென்டிலேட்டர் வைத்துக் கட்டுகிறார்கள். நம் ஊர் பில்டர்கள் கொடுக்கும் பட்டியலில் ‘அகௌஸ்டிக் கிளாஸ்’ இருக்கும், அது இருக்காது.

இதில் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. இந்தச் சத்தத்தை நிறுத்த வேண்டியது யார்? 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் எல்லை. அளக்க ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சென்னை உட்பட 7 நகரங்களில் 70 இடங்களில் நிலையங்கள் வைத்திருக்கிறது. தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவில் முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய் அபராதம். கடைசியாக அந்த அபராதம் கட்டிய யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?

மும்பை போலீஸ் 2020-ல் ஒரு வேடிக்கை செய்தது. சிக்னலில் ஹாரன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் நேரம் மறுபடி முதலில் இருந்து ஓடும். ‘அடிச்சுக்கிட்டே இரு, நின்னுக்கிட்டே இரு’ கதைதான். வீடியோ வைரலானது. ஆனால் ஒவ்வொரு ஜன்னலாக மாற்றுவதை விட ஒரு சிக்னலை மாற்றுவது மலிவு என்பதை அது காட்டியது. விதி வேலை செய்யாத ஊரில் அமைதி என்பது சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று விற்கும் பொருளாகிவிடுகிறது. அதே சாலையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே தூங்குகிறவருக்கு எந்த அகௌஸ்டிக் கிளாஸும் உதவாது.

காரில் என்ன கதை?

முன்பக்கக் கண்ணாடி எப்போதோ லேமினேட்டட். கதவுக் கண்ணாடிகள்தான் வழக்கமாக 3.5, 4 மி.மீ. டெம்பர்டு கண்ணாடி. இப்போது விலை உயர்ந்த கார்களிலும் எலெக்ட்ரிக் கார்களிலும் கதவுக்கும் அகௌஸ்டிக் லேமினேட்டட் வருகிறது. காரணம் எளிது. இன்ஜின் சத்தம் இருந்தவரை அது மற்ற சத்தங்களை மூடிக்கொண்டிருந்தது. மோட்டாருக்குச் சத்தம் இல்லாததால் டயரும் காற்றும் தனியாகக் கேட்கின்றன.

ஆனால் டயரின் இரைச்சல் பெரும்பாலும் தரை வழியாக, சக்கரக் குழி வழியாக வருகிறது. கண்ணாடி தடுப்பது முக்கியமாகக் காற்றின் சத்தத்தை. அது வேகம் கூடக் கூடத்தான் ஏறும். பெங்களூரு ஹைவேயில் 100-ல் போகும்போது வித்தியாசம் தெரியும். தினமும் கிண்டியில் இருந்து சிறுசேரிக்கு 30-ல் ஊர்ந்து போகிறவருக்குக் கிடைப்பது பக்கத்து பைக்கின் ஹாரனில் இருந்து கொஞ்சம் நிம்மதி. அதுவும் ஒரு லாபம்தான். (சன் ஃபிலிம் ஒட்டினால் சத்தம் குறையும் என்பது தவறு. அந்தப் படலம் அதற்கு ரொம்ப மெல்லிசு.)

உடையாத கண்ணாடி, மூழ்கும் கார்

லேமினேட்டட் கதவுக் கண்ணாடி சுலபத்தில் உடையாது. திருடனுக்கு நேரம் பிடிக்கும், விபத்தில் ஆள் வெளியே தூக்கி வீசப்படும் ஆபத்து குறையும். நல்லதுதான். ஆனால் உள்ளே இருப்பவராலும் உடைக்க முடியாது.

அமெரிக்காவின் ‘ஏஏஏ’ வாகன ஓட்டிகள் அமைப்பு 2019-ல் கார் கண்ணாடியை உடைக்கும் 6 கருவிகளைச் சோதித்தது. டெம்பர்டு கண்ணாடியை 4 கருவிகள் உடைத்தன. லேமினேட்டடை ஒன்றுகூட உடைக்கவில்லை. விரிசல் விட்டாலும் படலம் துண்டுகளை விடாமல் பிடித்துக்கொண்டது. 1903-ல் பெனெடிக்டஸ் பார்த்த அதே விஷயம்.

நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி ஒருவர் இறந்தார். 2023 மே மாதம் பெங்களூரு கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையிலும் ஓர் இளம்பெண் அப்படியே உயிரிழந்தார். அவற்றுக்குக் கண்ணாடி காரணம் இல்லை. ஆனால் சென்னையில் துரைசாமி, கணேசபுரம் சுரங்கப்பாதைகளில் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் நிற்கிறது. அந்த ஊரில் காரை ஓட்டுகிறவர், டேஷ்போர்டில் கிடக்கும் சுத்தியல் தன் கண்ணாடியை உடைக்குமா என்று தெரிந்துவைத்திருக்க வேண்டாமா?

தெரிந்துகொள்வது சுலபம். கதவுக் கண்ணாடியின் கீழ் மூலையில் சிறு எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்: ‘லேமினேட்டட்’ அல்லது ‘டெம்பர்டு’, ‘டஃபன்டு’ என்று. எழுத்து தெளிவாக இல்லை என்றால் கண்ணாடியைப் பாதி இறக்கி மேல் விளிம்பைப் பாருங்கள். நடுவில் மெல்லிய கோடு தெரிந்தால் அது லேமினேட்டட். நான்கு கதவையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சில கார்களில் முன் கதவுகளுக்கு மட்டும் லேமினேட்டட் போட்டு, பின் கதவுகளை டெம்பர்டாகவே விட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் சுத்தியல் வேலை செய்வது பின் கதவில்தான். அடிக்க வேண்டியதும் கண்ணாடியின் நடுவில் அல்ல, மூலையில். நான்குமே லேமினேட்டட் என்றால் சுத்தியலை நம்ப வேண்டாம். தண்ணீர் கதவில் ஏறத் தொடங்கியதுமே சீட் பெல்ட்டைக் கழற்றி, பவர் விண்டோ வேலை செய்யும்போதே கண்ணாடியை முழுதாக இறக்கி, குழந்தைகளை முதலில் வெளியே அனுப்பிவிடுங்கள். போன் பேசுவது அதற்கப்புறம்.